சொன்ன விலைக்கு ஒரு நீல விளக்கு

ஜெயபாண்டியைக் காட்டிக்கொடுத்தது ஒரு நத்தை.

மனைவி நாகஜோதி, தன் தாயாருக்குக் கண் ஆபரேஷன் என்று தேனிக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. போகும்போது விளாங்குடி வீட்டு முன்னறையில் இருந்த உப்புத்தண்ணீர் மீன்தொட்டியைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். தினமும் சாயங்காலம் தொட்டியை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. ஜெயபாண்டியும் தவறாமல் அனுப்பினான். போன மாதம் எடுத்த நாலு நிமிஷ வீடியோ ஒன்று போனில் கிடந்தது. அதை ஒன்பது துண்டாக வெட்டி நாளுக்கு ஒன்றாக அனுப்பினான். பழைய ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி விற்கிறவன் அவன். பழையதைப் புதிதாகக் காட்டுவதுதான் பிழைப்பே.

பத்தாம் நாள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் வந்தது.

"ஏங்க," என்றாள் நாகஜோதி.

அந்த ஒரு சொல்லிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. நல்ல நாளில் அவள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்த நத்தை ஒம்பது நாளா ஒரே கல்லுல, ஒரே எடத்துல, ஒரே பக்கம் பாத்து நிக்குதே. செத்துப்போச்சா?"

"நத்தைதான. அது எங்க ஓடப்போகுது. அசந்து கெடக்கு."

"பின்னால காலண்டரு தெரியுது. அதுல இன்னும் போன மாசம்தான் இருக்கு."

"கிழிக்க மறந்துட்டேன்."

"சரி. இனிமே கிழிக்க வேண்டாம். நான் இன்னைக்கே வாரேன். ஒரு மணி பஸ்சு. நாலு மணிக்கு வீட்டுல இருப்பேன்."

போன் அணைந்தது. ஜெயபாண்டி தொட்டியின் முன்னால் போய் நின்றான். தொட்டிக்கு மேலே டியூப் லைட் ஒன்று கயிற்றில் தொங்கியது. அதன் வெளிச்சத்தில் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். நாகஜோதி ஊருக்குப் போன அன்றைக்கே ஜெயபாண்டி ஒரு பழைய ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து, ஓடுகிறதா என்று பார்க்க, தொட்டி விளக்கு சொருகியிருந்த அதே ஸ்விட்ச் பலகையில் சொருகினான். கம்ப்ரஸர் ஒரு உலுக்கு உலுக்கியது. மேலே விளக்கு ஒருமுறை பளிச்சென்று எரிந்து, ஒரு கருகல் வாசனையை விட்டுவிட்டு அடங்கியது. ஃபிரிட்ஜ் நன்றாக ஓடியது. அதுதான் கொடுமை.

அந்தத் தொட்டிக்கு விளக்கு என்பது அலங்காரம் இல்லை. உள்ளே ஒரு கல்லின்மேல், சோற்றுத்தட்டு அகலத்துக்கு, விரல் விரலாகக் கைகளை விரித்துக்கொண்டு ஒரு அனிமோன் உட்கார்ந்திருந்தது. கடல் சாமந்தி என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பார்க்கப் பூ, உண்மையில் பிராணி. இருந்த இடத்தைவிட்டு அசையாமல், பிறர் கொண்டுவந்து ஊட்டுவதைத் தின்பதால் நாகஜோதி அதற்கு 'ஜமீன்' என்று பேர் வைத்திருந்தாள். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசி, நீல வெளிச்சத்தில் சமைத்து அதற்குச் சோறு போடுகிறது. வெளிச்சம் நின்றால் பாசி வெளியேறிவிடும். ஜமீன் வெளுக்கும், சுருங்கும், கடைசியில் வாய் பிளக்கும். வாய் பிளந்து செத்தால் தனியாகவும் சாகாது. அழுகி, விஷமாகி, தொட்டி மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஜமீனுக்குள் கோமாளி மீன் ஜோடி ஒன்று குடியிருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பெரியது பொண்டாட்டி, சின்னது புருஷன். அந்த இனத்தில் அப்படித்தான். ஜெயபாண்டிக்கு அது ஆரம்பத்திலேயே சரியாகப் புரிந்தது. நாகஜோதி தையல் மெஷினில் சம்பாதித்த காசில் அந்த ஜோடியை வாங்கி, மூன்று வருஷம் காத்திருந்து, இந்தத் தையில்தான் அவை ஜமீன் காலடியில் முதல் முட்டை போட்டன. நாற்பத்து மூன்று குஞ்சு தேறியது. தெருவெல்லாம் சொன்னாள். ஜமீன் போனால் ஜோடி போகும். ஜோடி போனால் அவள் இனி ஒரு தொட்டியைத் தொடமாட்டாள். அது அவனுக்குத் தெரியும்.

இப்போது ஜமீன் சாயம்போன வெள்ளை வேட்டி நிறத்தில், தேங்காய் மூடி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நடுவில் வாய் லேசாகத் திறந்திருந்தது. நேற்று அது மூடியிருந்தது.

விளக்கு கிடைக்காமலும் இல்லை. புதியது எழுபதாயிரம், வந்து சேர இரண்டு வாரம். ஆனால் செல்லூரில் ஒருவர் பழையது ஒன்றை ஆன்லைனில் இருபத்து நாலாயிரத்துக்குப் போட்டிருந்தார். பவளத்தொட்டி விளக்கு, நாலு வருஷம் ஓடியது. ஜெயபாண்டி அதைப் பார்த்து மூன்று நாள் ஆகிவிட்டது. "எம்புட்டுக்குக் குடுப்பீங்க?" என்று ஒரு செய்தியைப் போட்டுவிட்டு, வந்த பதிலுக்கு மறுமொழி சொல்லாமல் விட்டிருந்தான். அவசரம் காட்டினால் விலை ஏறும்; மூன்று நாள் கிடப்பில் போட்டால் தானாக இறங்கும். அவன் அப்பா நல்லகாமன் மாட்டுத் தரகர். பல்லையே பிடித்துப் பார்க்காத மாட்டுக்கும் பல் ஆடுகிறது என்பார். வாங்குகிறவன் குறை சொல்ல வேண்டும், விற்கிறவன் சத்தியம் பண்ண வேண்டும், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பக் கூடாது. அந்த வீட்டில் அது பேச்சுவழக்கு மாதிரி.

கிளம்பும்போது, பசுமலையில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் வீரணன் அனுப்பிய குரல்செய்தியை இன்னொருமுறை கேட்டான். கடல்மீன் வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர்தான் வைத்தியர்.

"அண்ணே, எரியுதான்னு பாத்து வாங்கிறாதீங்க. எரியுறதெல்லாம் இதுக்கு ஆகாது. வெள்ளையை அணைச்சுட்டு நீலத்தை மட்டும் போட்டுப் பாருங்க, நீலம் மங்கியிருந்தா அது வெறும் லைட்டு. பல்புல கரும்புள்ளி இருக்கா, கண்ணாடி மஞ்சளிச்சிருக்கா, ஸ்க்ரூவுல உப்புப் பூத்திருக்கா, பாத்துக்கோங்க. முக்கியமா அரைமணி நேரம் முழு வெளிச்சத்துல எரிய விட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்க. ஃபேன் நின்னா சூடேறி அணைஞ்சுரும். உங்களுக்குத் தெரியாததா, பழைய சாமான்ல பழம் தின்னு கொட்டை போட்டவரு."

செல்லூரில் ஒரு சந்துக்குள், விசைத்தறிக் கூடத்துக்கு மேல்மாடியில் வீடு. கீழே எட்டுத் தறி ஓடியது. படியேறும்போதே சத்தம் பல்லுக்குள் இறங்கியது. கதவைத் திறந்தது முப்பது வயதுப் பெண், ஆயிஷா சித்திகா. பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். தொட்டி வைத்திருந்த தம்பி சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போய்விட்டான். மீன்களைக் கொடுத்தாயிற்று, மிச்சம் இந்த விளக்குதான் என்றாள். கட்டிலில் அவளுடைய அம்மா மரியம் பீவி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மாவுக்குக் காது கேக்காதுண்ணே. இருபது வருஷத் தறி," என்றாள் ஆயிஷா, கத்தித்தான்.

விளக்கு மேசைமேல், இரண்டு அடுக்குப் புத்தகங்களின்மேல் கவிழ்த்து வைத்திருந்தது. தட்டையான கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க நாலு திருகு. போட்டாள். அறை முழுக்க நீலம் பரவியது. ஜெயபாண்டிக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. அதே நீலம். முகத்தை உடனே இறுக்கிக்கொண்டான். பிடித்தது என்பது முகத்தில் தெரிந்தால் ஆயிரம் ரூபாய் போயிற்று.

வாயைத் திறந்தான். அதற்கப்புறம் பேசியது அவன் இல்லை, அவன் வம்சம்.

"என்ன டீச்சர், ஸ்க்ரூவெல்லாம் உப்புப் பூத்துப்போய்க் கெடக்கு. உள்ள எம்புட்டு ஏறியிருக்கோ. நீலம் வேற செத்துப்போச்சு. கண்ணாடி மஞ்சளிச்சிருச்சு. இந்தா இங்க ரெண்டு பல்பு கருகியிருக்கு. இந்த அடாப்டரும் இதுக்கு உள்ளது இல்ல, மாத்தி விட்டிருக்காங்க. இது ஓடுனது நாலு வருஷம் இல்ல, எட்டு இருக்கும். எவனாவது வெவரம் தெரியாதவன் தலையில கட்ட வேண்டிய சாமான். சரி, வந்துட்டேன். பன்னண்டுன்னா எடுத்துக்கிறேன்."

ஆயிஷா ஒரு தாளை எடுத்து, அவன் சொன்னதை ஒன்று இரண்டு என்று எண்ணிட்டு எழுதிக்கொண்டாள். இப்போது அவள் சத்தியம் பண்ண வேண்டும். நேற்று வாங்கின மாதிரி இருக்கு, இருபத்து மூணுக்குக் கீழ ஒரு ரூபா கொறையாது என்று சொல்ல வேண்டும். ஜெயபாண்டி காத்திருந்தான்.

அவள் சுவிட்சை அணைத்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. நல்லவேளை சொன்னீங்க. எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது."

விளக்கின்மேல் ஒரு பழைய துப்பட்டாவைப் போட்டு மூடினாள்.

"அப்ப... பன்னண்டு?"

"எதுக்கு? இம்புட்டுக் குறையிருக்க சாமானை எப்படிண்ணே விக்கிறது? தெரியாம வித்தா பரவாயில்ல. தெரிஞ்சு வித்தா ஹராம். பன்னண்டுக்கு வித்தாலும் ஹராம்தான். தம்பிகிட்ட சொல்லி காயலாங்கடையில போட்டுர்றேன்."

ஜெயபாண்டி இருபது வருஷ வியாபாரத்தில் எல்லா வகை ஆளையும் பார்த்திருந்தான். அழுகிறவன், அடிக்க வருகிறவன், பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கண்ணடிக்கிறவன். சொன்ன குறையை நம்பின ஆளை அவன் பார்த்தது இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், வழக்கமாகச் செய்வதையே செய்தான். "சரி, வாரேன்," என்று எழுந்து, படியில் மெதுவாக இறங்கினான். நாலாவது படியில் கூப்பிடுவார்கள். மிஞ்சிப்போனால் வாசலில்.

வாசல் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. சந்தில் பத்தடி நடந்து, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தான். மேலே ஜன்னலில் டீச்சர் எட்டிப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது.

"செருப்பு அறுந்துருச்சாண்ணே? முக்கு திரும்புனா தைக்கிற ஆள் இருக்காரு."

மணி பதினொன்றே முக்கால். தேனியில் நாகஜோதி பையைக் கட்டிக்கொண்டிருப்பாள். தொட்டியில் அந்த வாய் எவ்வளவு திறந்திருக்கிறதோ. ஜெயபாண்டி திரும்பிப் படியேறினான். திரும்பி ஏறுவது எவ்வளவு பெரிய தோல்வி என்று மாட்டுச்சந்தைத் தரகர்களிடம் போய்க் கேட்டால் சொல்லுவார்கள்.

"டீச்சர், நான் சொன்னது குறையில்ல."

"அப்புறம்?"

"அது... வெலை கேக்குற விதம்."

"உப்புப் பூத்திருக்குன்னீங்க."

"சும்மா சொன்னேன்."

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"வியாபாரத்துல பொய்யின்னு ஒண்ணு இல்ல டீச்சர்."

"எங்க பள்ளிக்கூடத்துல இருக்கு." தாளை அவன்முன் வைத்தாள். ஆறு குறை வரிசையாக இருந்தது, கையெழுத்து முத்து முத்தாக. "ஒவ்வொண்ணா இல்லைன்னு காட்டுங்க. ஆறும் இல்லைன்னு ஆச்சுன்னா விக்கிறேன். ஒண்ணு இருந்தாலும் விக்க மாட்டேன்."

அப்படியாக ஜெயபாண்டி, வாங்க வந்த இடத்தில், பிறர் சாமானுக்கு நற்சாட்சி சொல்ல உட்கார்ந்தான். திருகாணியில் பூத்திருந்தது உப்பு இல்லை, கீழேயிருந்து பறந்து வந்த தறிப் பஞ்சு. விரலால் உருட்டி எடுத்துக் காட்டினான். டீச்சர் ஒன்றாம் குறையை அடித்தாள். கண்ணாடியில் இருந்தது அடுப்படிப் பிசுக்கு. வேட்டி முனையால் துடைத்தான். கருகின பல்பு என்றது கொசு எச்சம். அடாப்டரிலும் விளக்கிலும் ஒரே கம்பெனி முத்திரை இருந்தது. எட்டு வருஷம் என்றதற்கு, அவள் தம்பி வாங்கிய ரசீதே வந்தது. மிச்சம் நீலம்.

"நீலம் சாகலைன்னு எப்படிக் காட்டுவீங்க?"

அவன் மேசையைத் துழாவினான். பரீட்சைத் தாளில் கோடு போடும் பளபளப்பு ஹைலைட்டர் பேனா ஒன்று கிடந்தது. தாளில் பட்டையாக ஒரு கோடு இழுத்து, நீலத்தை மட்டும் எரியவிட்டு, அடியில் காட்டினான். கோடு நெருப்பு மாதிரி எழுந்து நின்றது. தாளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினான், எங்கேயும் மங்கவில்லை.

"நீலம் மங்கிருந்தா இப்படி எரியாது டீச்சர். எல்லாப் பல்பும் ஒரே மாதிரி எரியுது. இது நல்ல சாமான். இப்படி ஒரு சாமான் இந்த ஊருல கெடைக்காது." விற்கிறவன் பேச வேண்டிய வசனம் முழுதையும் அவனே பேசிக்கொண்டிருந்தான், அதுவும் உண்மையாக.

டீச்சருக்கு முகம் மலர்ந்தது. பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டலாம் என்றாள். ஆறையும் அடித்தாள். அப்புறம்தான் அவனுக்கு வீரணன் சொன்ன அரைமணி நேரம் நினைவு வந்தது. நாலு திருகையும் முழுக்கத் திருப்பி எரியவிட்டான். ஃபேன் ஓடுகிறதா என்று காதை வைத்தான். கீழே எட்டுத் தறி ஓடும்போது என்ன கேட்கும்? கைவைத்துப் பார்த்தால் மேசையே அதிர்ந்தது, சுவர் அதிர்ந்தது, அவனும் அதிர்ந்தான்.

"எரியட்டும்ணே. நான் லுஹர் தொழுதுட்டு வந்துர்றேன்," என்று ஆயிஷா உள்ளே போனாள்.

மரியம் பீவி கீரை ஆய்ந்தார். ஜெயபாண்டி போனில் மணி பார்த்தான், விளக்கைப் பார்த்தான், மறுபடி மணி பார்த்தான். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. திடீரென்று உலகம் நின்றது. கீழே சாப்பாட்டு நேரம். எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி அமைதி.

அந்த அமைதியில் விளக்கின் வலது பக்கம் ஒரு ஃபேன் மெல்ல இரைந்தது. இடது பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை.

அடித்த குறைகள் இருந்த தாளின் ஓரத்தில் இரண்டு நறுக்குக் கிழித்து, விளக்கின் மேல்பக்கம் ஃபேன் காற்று வெளியேறும் இரண்டு சல்லடைத் துளைகளின்மேல் வைத்தான். வலது பக்கத்துத் தாள் எழுந்து ஆடியது. இடது பக்கத்துத் தாள் படுத்தே கிடந்தது. அந்தப் பக்கம் கைவைத்தால் தோசைக்கல். உள்ளே பஞ்சு அடைத்து ஃபேன் செத்திருந்தது.

வாய் வலிக்க ஆறு குறை சொன்னானே, ஒன்றும் இல்லை. சொல்லாத ஏழாவது இதோ இருந்தது. சொன்னால் டீச்சர் துப்பட்டாவை எடுத்து மூடிவிடுவாள். வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் இந்த ஒரு குறைக்கே எட்டாயிரம் இறக்கியிருப்பான். இரண்டு தாள் நறுக்கையும் எடுத்து வாயில் போட்டு மென்றான்.

நிமிர்ந்தால், மரியம் பீவி கீரையை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயிஷா வந்தாள். "எல்லாம் சரிதானண்ணே?"

"சரி டீச்சர்." தாள் தொண்டையில் ஒட்டியிருந்தது. சுவிட்சை அணைத்தான், அவள் கைவைத்துப் பார்த்துவிடக் கூடாது என்று.

"அப்ப குறை ஒண்ணும் இல்ல. குறை இல்லைன்னா வெலையும் குறையாதுல்ல?"

நியாயம்தான். கணக்கு டீச்சராக இருந்திருந்தாலும் இதற்குமேல் கேட்க முடியாது. ஜெயபாண்டி போனை எடுத்து இருபத்து நாலாயிரம் முழுசாக அனுப்பினான். அவன் விளக்கைத் துணியில் சுற்றும்போது, காது கேட்காதவர்கள் பேசும் உரத்த குரலில் மரியம் பீவி சொன்னார்:

"மருந்துக் கடையிலதான் தம்பி இப்படிக் கேட்ட வெலைக்கு வாங்குவாக. போ, வெரசாப் போ."

ஒன்றரைக்கு டிவிஎஸ்ஸில் கிளம்பினான். விளக்கை மடியில் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு, தத்தனேரி வழியாக வந்தான். ரயில்வே கேட்டுக்கு நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர், "என்ன மாப்ள, பச்சப்புள்ளயா?" என்றார். ஜெயபாண்டி அணைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

வீட்டைத் திறந்து முன்னறைக்கு வந்தவன் அப்படியே நின்றான்.

கல் வெறுமையாக இருந்தது. ஜமீன் அங்கே இல்லை.

கோமாளி ஜோடி மட்டும் அந்த வெறுங்கல்லின்மேல், வீடு இடிந்துபோனவர்கள் மாதிரி, சுற்றிச் சுற்றி வந்தது. ஜெயபாண்டி மண்டியிட்டுத் தேடினான். கல்லுக்குப் பின்னால் இல்லை. மணலில் இல்லை. மூன்று வருஷம் இடத்தைவிட்டு அசையாத பிராணி, வெளிச்சம் தேடி நடக்க ஆரம்பித்திருந்தது. ஜன்னல் பக்கமாக ஏறி, கண்ணாடியில் பாதி ஒட்டி, மிச்சப் பாதியைத் தண்ணீர் சுழற்றும் பம்பு இழுத்துக்கொண்டிருந்தது. பம்பின் கீற்று இடைவெளியில் அதன் விரல்கள் போய்ச் செருகி, நூல் நூலாகக் கிழிந்து, வெள்ளையாகத் தொட்டியெங்கும் மிதந்தன.

பம்பின் வயரைப் பிடுங்கினான். சட்டையோடு தோள்வரைக்கும் கையைத் தண்ணீரில் விட்டான். பிடித்து இழுத்தால் இன்னும் கிழியும். இழுக்காவிட்டால் செருகியபடியே அழுகும். பம்பின் மூடியைத் திருகி, மூடியோடு ஜமீனைக் கையில் ஏந்தி, ஒவ்வொரு விரலாகக் கீற்றிலிருந்து தள்ளி எடுத்தான். நாற்பது நிமிஷம் ஆயிற்று. கை மரத்தது. ஜமீன் உள்ளங்கையில் ஊறின ரொட்டி மாதிரி கிடந்தது. வாய் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் திறந்திருந்தது. உட்புறம் தெரிந்தது.

அதைப் பழைய கல்லின்மேல் வைத்து, விரல்களால் மூடிப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டால்தான் விழாது. பெரிய மீன் வந்து அவன் மணிக்கட்டைக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டான். பதினைந்து நிமிஷம் கழித்து, அடிப்பாதம் கல்லில் லேசாக ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிந்தது. மாதிரிதான்.

இன்னொரு கையால் வீரணனுக்கு போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து நடந்ததைச் சொன்னான்.

"விளக்கை முழுசாப் போட்டுராதீங்கண்ணே," என்றார் வீரணன். "பத்து நாள் இருட்டுல கெடந்தது, ஒரேயடியா வெளிச்சம் விழுந்தா வெந்துரும். நீலம் மட்டும், கால்வாசிக்கும் கீழ. ஒரு ஃபேன் போதும் அதுக்கு. மேல ஒரு டேபிள் ஃபேன் வச்சுக்கோங்க."

"பொழைச்சிருமா?"

"வாய் மூடுச்சுன்னா பாப்போம்ணே."

மூன்று மணி முப்பத்தைந்து. டியூப் லைட்டை அவிழ்த்து, அதே கயிற்றில் விளக்கைக் கட்டினான். பக்கத்தில் நாற்காலிமேல் டேபிள் ஃபேன். நீலத் திருகை மயிரிழை திருப்பினான். தொட்டிக்குள் மெல்லிய நீலம் இறங்கியது. கழுநீர் மறுபடி கடலானது. ஜமீன் அசையவில்லை. ஒரு பக்கம் விரல்களே இல்லாமல் மொட்டையாக இருந்தது. ஈரச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அந்த வாயையே பார்த்தான். மூடு, மூடு என்று மனசுக்குள் கெஞ்சினான். எவனிடமும் எதற்கும் கெஞ்சாதவன். கெஞ்சினால் விலை ஏறும்.

நாலு மணி பத்துக்கு வாசலில் ஆட்டோ நின்றது.

நாகஜோதி பையை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். குனிந்து மொட்டையான பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள், சுவரோரம் நின்ற ஃபிரிட்ஜைப் பார்த்தாள், பலகையில் அதன் பிளக் இன்னும் சொருகியிருப்பதைப் பார்த்தாள். ஜெயபாண்டி பொய் ஒன்றைத் தயார் பண்ணப் பார்த்தான். அப்புறம் விட்டுவிட்டான்.

"எங்க வாங்குனது?"

"செல்லூருல. பழசு."

அவள் கையை விளக்கின்மேல் நீட்டினாள். வலது பக்கம். இடது பக்கம்.

"இந்தப் பக்கம் ஃபேனு ஓடலையே. பாக்கலையா?"

"பாத்தேன்."

"எம்புட்டு?"

"இருவத்து நாலு."

"அவுக சொன்னது எம்புட்டு?"

"இருவத்து நாலு."

நாகஜோதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணப் பட்டுக்கு ஜவுளிக்கடையில் மூன்று மணி நேரம் பேரம் பேசி, கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் எழுந்த மனுஷன். ஓடாத ஃபேனைக் கண்ணால் பார்த்துவிட்டு, சொன்ன விலைக்கு வாங்கியிருக்கிறான். காலையில் ஜமீன் எந்த நிலையில் இருந்தது என்பது அந்த விலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய், ஃப்ரீசரிலிருந்து ஒரு இறாலை எடுத்து, நகத்தளவுக்குக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். துண்டு ஜமீன்மேல் விழுந்தது. விரல்கள் பிடிக்கவில்லை. வழுக்கி மணலில் இறங்கியது. அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. இன்னொரு துண்டு போட்டாள். அதைப் பெரிய மீன் பாதி வழியிலேயே வாயில் கவ்வியது. தின்னவில்லை. கவ்வியபடியே கீழே இறங்கி, ஜமீனுக்குள் முட்டி முட்டித் தள்ளியது. விழுந்தது. மறுபடி எடுத்துத் தள்ளியது.

நாலாவது தடவை, மிச்சமிருந்த பக்கத்தில் ஒரு விரல் மடங்கியது. அப்புறம் இன்னொன்று. மிகமிக மெதுவாக, கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதுபோல, அந்த வாய் இறாலின்மேல் மூடிக்கொண்டு வந்தது.

இருவரும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முழுக்க மூட ஆறேமுக்கால் ஆயிற்று.

"நெறம் வர நாலு மாசம் ஆகும்," என்றாள் நாகஜோதி. "அந்தப் பக்கம் முளைக்குமோ என்னவோ."

"ம்."

"ஏங்க."

அவன் தலையைக் குனிந்தான்.

"அந்த ஃபிரிட்ஜு நாளைக்கு இந்த வீட்டுல இருக்கக் கூடாது. வித்துருங்க. மொத ஆளுக்கு. அவன் என்ன வெலை கேக்குறானோ அந்த வெலைக்கு. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேரம் பேசக் கூடாது."

ஜெயபாண்டி எழுந்து, கை ஈரத்தைச் சட்டையில் துடைத்து, போனை எடுத்தான். ஃபிரிட்ஜைப் படம் பிடித்தான். விளம்பரத்தில் விலை போட வேண்டிய இடத்தில் விரல் வெகுநேரம் நின்றது. அப்புறம் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு அனுப்பினான். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தான்: கதவு ரப்பர் லேசாக விட்டிருக்கு, பார்த்து வாங்கிக்கோங்க.